ஆளுக்கு ஒரு வேளை

அச்சகத்தில் எழுத்துப்பிழை பார்த்து வயிறு வளர்க்கிறவன் நான். சாப்பாட்டுக் கடையில் விலைப்பட்டியலைக் கொடுத்தால்கூட, என்ன இருக்கிறது என்று பார்ப்பதற்கு முன்னால் எங்கே ஒற்று விட்டிருக்கிறான் என்றுதான் கண் போகும். அது ஒரு வியாதி. அந்த வியாதியோடு பதினான்கு வருஷத்துக்கு முன்னால் தையல்காரம்மா வீட்டு மாடி அறைக்குக் குடிவந்தேன்.

ஜன்னலைத் திறந்தால் எதிரே பிஸ்கட் கம்பெனியின் மதில். அதில் தெருமுனை வரைக்கும் ஆட்கள் வரிசையாக நிற்கிறார்கள், நிஜ ஆள் உயரத்தில். ஒவ்வொருவருக்கும் நாலு கை. நாலு கையும் பிஸ்கட்டை அடுக்கிப் பொட்டலம் கட்டிக்கொண்டிருக்கின்றன. தலைக்கு மேலே முழங்கை நீள எழுத்தில் ஒரு வரி: ‘ஆளுக்கு ஒரு வேளை போதும்.’ கை நாலு, சாப்பாடு மட்டும் ஒரு வேளையா, நன்றாகத்தான் குத்தியிருக்கிறான் என்று நினைத்தேன். அடுத்த நிமிஷமே என் வியாதி தலையை நீட்டியது. இது வேளையா, வேலையா?

வரைந்தவரே தையல்காரம்மாவின் வீட்டுக்காரர் என்று தெரிந்ததும் அன்று சாயங்காலம் கீழே போய்க் கேட்டேவிட்டேன். அவர் கதவோரம் உட்கார்ந்து பிரஷ்களை மண்ணெண்ணெயில் அலசிக்கொண்டிருந்தார். சிரித்தார். “எதுவா இருந்தா உங்களுக்கு நல்லா இருக்கும் சார்?” என்றார். பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்த தையல் மெஷின் நின்றது. கொஞ்ச நேரம் கழித்து முன்னைவிட வேகமாக ஓட ஆரம்பித்தது. எனக்கு ஒன்றும் புரியவில்லை.

தெருவில் அவருக்குப் பேர் ஏணிக்காரர். ஆறு நாளும் கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதுவார். ஏழாம் நாள் மிச்சப் பெயிண்ட்டை டப்பா டப்பாவாக ஏணியில் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார். அந்த வாரம் எந்தக் கடைக்கு என்ன கலரோ, அதுதான் அவர் வானத்துக்கும் கலர். ஒரு மருந்துக்கடை புண்ணியத்தில் ஆஸ்பத்திரிச் சுவரில் வானம் பச்சையாக இருக்கிறது.

யாருக்காக வரைகிறாரோ அவரைச் சுவரோடு சுவராக நிறுத்தி, தையல்காரம்மாவின் அளவு நாடாவால் உயரம் எடுத்துக்கொள்வார். ஒரு விரல்கடை கூட்டவும் மாட்டார், குறைக்கவும் மாட்டார். ஆஸ்பத்திரி துப்புரவுக்காரிகள் பதினோரு பேரை அப்படித்தான் வரைந்தார். டாக்டர்கள் கார் நிறுத்துகிற இடத்தில், நேருக்கு நேர் பார்க்கிற மாதிரி. ‘இவங்களுக்குக் கையுறை எங்கே’ என்று கீழே ஒரே வரி. மூன்றாம் மாதம் கையுறை வந்தது. பத்தொன்பதாம் தெருவில் குழாயடி வரிசையை வரையும்போது சுவர் முடிந்துவிட்டது, வரிசை முடியவில்லை. அடுத்த சுவரில் தொடர்ந்தார். அது வார்டு மெம்பரின் வீட்டுச் சுவர். அதற்காக இரண்டு நாள் உள்ளே இருந்துவிட்டு வந்தார். வந்ததும் மீதி ஏழு பேரையும் வரைந்து முடித்தார்.

இதையெல்லாம் சொல்லும்போது பெரிய மனுஷன் கதை மாதிரி இருக்கிறது. வீட்டுக்குள் அவர் சாதாரணமானவர். டீயை ஆறவைத்துக் குடிப்பார், சட்டைப்பையில் பீடி வைத்து மறைப்பார், மாட்டிக்கொண்டு திட்டு வாங்குவார். கடைசியில் நெஞ்சில் சளி கட்டி மூன்று வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்து போய்ச் சேர்ந்தார். முப்பது வருஷம் மூச்சோடு இழுத்த பெயிண்ட் என்றார்கள்.

அந்த வீட்டில் இன்னொரு ஆள் உண்டு. தையல்காரம்மாவின் தம்பி. கம்பெனிக்காரர்கள் வைத்த பேர் எட்டு. வலது கையில் இரண்டு விரல் கிடையாது. மிச்சம் எத்தனை என்று எண்ணி வைத்த பேர். அவருக்கும் அதில் கோபம் இல்லை. யாராவது புதுசாகக் கேட்டால், “பத்துல ரெண்டு கம்பெனிக்கு, எட்டு எனக்கு” என்பார். பழைய பேப்பர் கிடங்கில் எடை போடுகிற வேலை. கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. இரண்டு வீடு தள்ளி ஓர் அறையில் இருந்தார், சாப்பாடு அக்கா வீட்டில்.

அதிலும் ஒரு கணக்கு இருந்தது. ஏணிக்காரர் காலையில் ஏணியோடு தெருமுனை தாண்டின பிறகு எட்டு வருவார். சாயங்காலம் ஏணி திரும்பி வருவதற்குள் சாப்பிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு போய்விடுவார். ஏழாம் நாளும் அப்படித்தான். நான் குடிவந்த பிறகு அவர்கள் இருவரும் ஒரு வார்த்தை பேசிப் பார்த்ததில்லை. எதிரெதிரே வந்துவிட்டால் எட்டு ரோட்டைத் தாண்டி அந்தப் பக்கம் போவார். ஏணிக்காரர் ஏணியைத் தோள் மாற்றிக்கொண்டு நடப்பார்.

காரணத்தைத் தெருவே சொல்லும். இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் கம்பெனி, பொட்டலம் கட்டுகிறவர்களில் பாதிப்பேரை நிறுத்திவிட்டு, மிச்சம் இருந்தவர்களை ஆளுக்கு இரண்டு மெஷின் பார்க்கச் சொன்னது. ஏணிக்காரர் ஒரு ஏழாம் நாள் முழுக்க உட்கார்ந்து அந்த மதிலை வரைந்தார். ஆளுக்கு ஒரு வேலை போதும், அதுதான் எழுத நினைத்தது. எழுதியது வேளை. மறுநாள் காலையில் மேனேஜர் மதிலைப் பார்த்துச் சிரித்தாராம். மதியத்துக்குள் அறிவிப்புப் பலகையில் தாள் ஒட்டியாகிவிட்டது. தொழிலாளர்களே கேட்டுக்கொண்டபடி இரண்டாம் ஷிப்டுக்குத் தரும் சாயங்காலச் சாப்பாடு இன்று முதல் நிறுத்தப்படுகிறது.

ஏணிக்காரர் அன்றே திருத்துவதற்கு ஓடினார். மதிலுக்குக் காவல் போட்டிருந்தார்கள். சித்திரத்தை யாரும் கெடுத்துவிடக் கூடாதாம். அவர் படத்தையே தொடவிடாமல் அவரை விரட்டினார்கள்.

இரண்டாம் ஷிப்டில் இருந்தவர் தம்பி. ஒரு முட்டை, இரண்டு துண்டு ரொட்டி, ஒரு கிண்ணம் பருப்பு, அவ்வளவுதான் அந்தச் சாப்பாடு. அது போனதும் மதியம் இரண்டு மணிக்குப் போகிறவர்கள் இரவு பதினொரு மணி வரைக்கும் பச்சைத்தண்ணீரில் ஓட்டினார்கள். அடுப்பிலிருந்து வெண்ணெய் வாசனை வேறு. பிஸ்கட்டை வாயில் போட்டால் வேலை போய்விடும். ஒன்பதாவது வாரம் தம்பிக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. மாவை வெட்டுகிற உருளையில் கை போனது.

அதற்குப் பிறகுதான் எல்லோரும் வெளியே வந்து உட்கார்ந்தார்கள். பதினேழு நாள். அந்தப் பதினேழு நாளும் தட்டிகளில் இருந்தது ஏணிக்காரரின் வரிதான், அதே குண்டு ளகரத்தோடு. கம்பெனியின் புத்தியைக் கம்பெனி முகத்திலேயே திருப்பி அடித்த மாதிரி ஆகிவிட்டது. சாப்பாடு திரும்ப வந்தது, இரண்டாவது மெஷினும் போனது. ஏணிக்காரர் மறுபடி பிரஷோடு போனபோது இந்தத் தடவை தொழிலாளர்கள் தடுத்தார்கள். நம்ம வரி, கை வைக்காதீங்க என்றார்கள். அவர் பேர் ஊர் ஊராகப் போனது அதற்குப் பிறகுதான். ‘என் விரல்ல ஏறி நின்னு பேர் வாங்கின ஆளு’ என்று எட்டு சொல்லித் திரிந்ததும் அதற்குப் பிறகுதான்.

கம்பெனி மூடி ஆறு வருஷம் ஆகிறது. இப்போது அந்த இடத்தில் அடுக்குமாடி வருகிறது. மதிலை மட்டும் இடிக்கக் கூடாது என்று கலைக் கல்லூரிப் பேராசிரியை ஒருத்தர் நாயாய் அலைந்து உத்தரவு வாங்கிவிட்டார். நல்ல மனுஷி. ஏணிக்காரரைப் பற்றிப் புத்தகமே எழுதிக்கொண்டிருக்கிறார். மதிலோரம் ஒரு கல் நடுவதென்றும், திறப்பு நாளில் நாலு பேர் பேசுவதென்றும் ஏற்பாடு. கல்லில் வெட்டுவதற்கான வாசகம் எங்கள் அச்சகத்துக்குத்தான் பிழை பார்க்க வந்தது. ‘வேலையையும் பசியையும் ஒரே எழுத்தில் கோத்த தேர்ந்த அங்கதம்’ என்று இருந்தது. பிழை எதுவும் இல்லை. கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டேன்.

பேச வேண்டிய நாலு பேரில் ஒருத்தர், அந்த ஷிப்டில் இருந்த தொழிலாளி. தேடிப் பார்த்ததில் பக்கத்தில் உயிரோடு இருந்தது எட்டு மட்டும்தான். பேராசிரியை கிடங்குக்கே போய்க் கேட்டார். எட்டு உடனே ஒத்துக்கொண்டார். அதுதான் வினை.

அன்றைக்கு மத்தியானம் சாப்பிட வந்தபோது அக்காவிடம் நேராகவே சொல்லிவிட்டார். மேடையில் ஏறி நடந்ததை நடந்தபடி சொல்லப்போகிறாராம். அங்கதமும் கிடையாது, ஒரு வெங்காயமும் கிடையாது, எழுத்துத் தெரியாத ஆள் அக்கறை இல்லாமல் கிறுக்கினது, அதனால் முந்நூறு பேர் பட்டினி, தனக்கு விரல் போனது, வந்த பேரை வாயை மூடிக்கொண்டு வாங்கிக்கொண்டான். இவ்வளவையும் தட்டில் பருப்பைப் பிசைந்துகொண்டே சொன்னார். தையல்காரம்மா, மேடைக்குப் போகிறவனுக்குச் சட்டை வேண்டுமே, நாளைக்கு வா, அளவெடுக்கிறேன் என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் வெயில் கொளுத்தியது. என் பேண்ட் ஒன்றுக்கு மடிப்பு இறக்க வேண்டியிருந்ததால் நானும் கீழே இருந்தேன். தையல் அறை பத்தடிக்கு எட்டடிதான் இருக்கும். ஒரு மெஷின், வெட்டுகிற மேஜை, சுவர் நிறைய நூல்கண்டு, காத்திருக்கிறவர்களுக்கு ஒரு பெஞ்சு. எட்டு நடுவில் நின்றார். தையல்காரம்மா தோள் அளவு எடுத்துச் சுண்ணக்கட்டியால் எழுதிக்கொண்டார். தம்பி சட்டைக்கு மட்டும் பட்டன் துளை வெட்டுவதில்லை, அழுத்தினால் பிடிக்கிற பட்டன்தான் வைப்பார். வலது கையை நீட்டச் சொல்லி, நாடாவை மணிக்கட்டு வரைக்கும் கொண்டுபோனவர் அங்கேயே பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார்.

“நான் ஒண்ணு சொல்லணும்” என்றார்.

“சொல்லு.”

“அந்த எழுத்து அவர் தப்பா போட்டதில்ல.”

“பேராசிரியை பாட்டையே நீயும் பாடாதக்கா. வேணும்னே எழுதினாராம்ல.”

“வேணும்னும் எழுதல. என்னைக் கேட்டுட்டுதான் எழுதினார். நான்தான் தப்பா சொன்னேன்.”

நான் எழுந்து போயிருக்க வேண்டும். போகவில்லை. அந்த அம்மாவும் நான் இருப்பதைப் பொருட்படுத்தவில்லை. நாடாவை விடாமலே சொன்னார்.

ஏணிக்காரர் மூன்றாம் வகுப்போடு நின்றவர். எழுத்து அவருக்குப் படம்தான். எவ்வளவு அழகாக வேண்டுமானாலும் வரைந்துவிடுவார், எது எங்கே வரும் என்று தெரியாது. கடைப்பலகைக்கெல்லாம் கடைக்காரன் எழுதிக் கொடுத்துவிடுவான். சுவருக்கு எழுதிக் கொடுத்தது பத்தாவது படித்த இந்த அம்மா. அன்றைக்கு ஏணியை அடியில் இந்த அம்மாதான் பிடித்துக்கொண்டு நின்றார். மேலேயிருந்து பெயிண்ட் சொட்டும் என்று தலையில் துணியைப் போட்டுக் குனிந்தே நின்றார். அந்த வரியை வாயால்தான் சொல்லியிருந்தார், தாளில் எழுதித் தரவில்லை, நாலு சொல்தானே என்று. மேலேயிருந்து கேள்வி வந்தது: “எந்த ல?” அவர் இன்னும் ‘ஆளுக்கு’ எழுதிக்கொண்டிருக்கிறார் என்று இந்த அம்மாவுக்கு நினைப்பு. தலையைத் தூக்காமலே, குண்டு ள என்று சொல்லிவிட்டார். ஆனால் ‘ஆளுக்கு’ எப்போதோ முடிந்துவிட்டது. அவர் கேட்டது ‘வேலை’க்கு.

“நம்ம வாயில ரெண்டும் ஒண்ணாத்தானே வருது. எந்த வார்த்தைக்குன்னு நான் திருப்பிக் கேட்டிருக்கணும். கேக்கல.”

எட்டு நீட்டிய கையை மடக்கவில்லை.

“மறுநாள் நீ வந்து நோட்டீஸ்ல இப்படிப் போட்டிருக்குன்னு சொன்னப்பதான் எனக்கு வெளிச்சமாச்சு. அவர்கிட்ட சொன்னேன். தம்பிகிட்டயும் சொல்லிடறேன்னேன். வேணாம்னார். ‘உனக்கு இருக்கறது ஒரே தம்பி. எனக்கு ஊர் பூரா சுவர் இருக்கு. வர்றத நான் வாங்கிக்கறேன்’னார். அப்புறம் உன் விரல் போச்சு. அதுக்கப்புறம் சொல்றதுக்கு எனக்கு வாயே வரல. நாளைக்கு மறுநாள் நீ மேடையேறி அவரைப் பேசப்போற. நான் கேட்டுட்டு உக்காந்திருக்க முடியாதுடா.”

அவ்வளவுதான் விஷயம். வாயை மூடிக்கொண்டிருந்தால் செத்துப்போன புருஷன் பேர் போகும். திறந்தால் உயிரோடிருக்கிற தம்பி போவான். அந்த அம்மா திறந்துவிட்டார்.

எட்டு கையை மெதுவாகக் கீழே இறக்கினார். வெளியே யாரோ சைக்கிளில் பழைய பாத்திரத்துக்குக் குரல் கொடுத்துக்கொண்டு போனான். பிறகு அவர் பேசினது சத்தமே இல்லாமல் இருந்தது.

“விரல் போனதெல்லாம் எனக்குப் பெருசில்லக்கா. எட்ட வெச்சு ஓட்டிட்டேன். எடைக்கல்லத் தூக்க எட்டு போதும். அந்த மனுஷன் எதிர்ல வந்தா நான் ரோட்டத் தாண்டிப் போயிருக்கேன். மூணு வாரம் ஆஸ்பத்திரியில கெடந்தார், எட்டிப் பாக்கல. அவரை அடக்கம் பண்ற அன்னைக்கு நான் பேப்பர் எடை போட்டுட்டிருந்தேன். மொதலாளியே போய்ட்டு வாடான்னார், நான் போகல. இதை இனிமே நான் எங்கக்கா கொண்டுபோய் இறக்குறது?”

“சொன்னா நீ வீட்டுக்கு வராம போயிடுவியோன்னு பயந்தேன்.”

“வந்திருக்கத்தான் மாட்டேன். ஒரு வருஷம், மிஞ்சிப்போனா ரெண்டு வருஷம். அப்புறம் வந்திருப்பேன். அவரும் இருந்திருப்பார். ரெண்டு பேரும் உக்காந்து சாப்பிட்டிருப்போம்.”

செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விட்டார். தையல்காரம்மா ஒரு கை அளவை வைத்துக்கொண்டு நின்றார். எனக்கு அந்த அம்மாவின் மேல் பரிதாபமும் வந்தது, கோபமும் வந்தது. இரண்டில் எது அதிகம் என்று இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை.

அன்று சாயங்காலம் எட்டு சாப்பிட வரவில்லை. மறுநாளும் இல்லை. அக்கா டப்பாவில் போட்டு என் கையில் கொடுத்தனுப்பினார். எட்டு வாங்கிக்கொண்டார். டப்பா கழுவித் திரும்பி வந்தது. சாப்பிட்டாரா, கிடங்கு நாய்க்குப் போட்டாரா, எனக்குத் தெரியாது. சட்டையைப் பழைய சட்டை அளவிலேயே தைத்து முடித்தார் அந்த அம்மா. அதையும் நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன். மேடையில் என்ன சொல்லப்போகிறார் என்று ஏதாவது சொன்னாரா என்று கேட்டார். சொல்லவில்லை என்றேன். தம்பி உண்மையைச் சொல்லட்டும், என் பேரைச் சொல்லியே சொல்லட்டும், ஒரேயடியாக முடியட்டும் என்றார். அதைச் சொல்லும்போது முகத்தில் ஒரு தெளிச்சி இருந்தது.

திறப்பு நாள் காலையில் லேசாகத் தூறல். மதிலை ஒட்டித் துணிக்கூரை போட்டு, நூறு பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தார்கள். முக்கால்வாசி கல்லூரிப் பிள்ளைகள். பழைய கம்பெனி ஆட்கள் ஏழெட்டுப் பேர் வெளியூரிலிருந்து தேடிக்கொண்டு வந்திருந்தார்கள். சுவரில் தங்கள் படத்துக்குப் பக்கத்தில் போய் நின்று பார்த்துக்கொண்டார்கள். இருபத்திரண்டு வருஷத்தில் அவர்கள் குறுகிவிட்டார்கள், படம் அப்படியே இருந்தது. தையல்காரம்மா மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தார். பக்கத்தில் நான்.

பேராசிரியை அழகாகப் பேசினார். ஒரே ஓர் எழுத்தை மாற்றிப் போட்டு ஒரு நிர்வாகத்தின் மனசாட்சியையே அம்பலப்படுத்திய கலைஞன் என்று அவர் சொன்னபோது பிள்ளைகள் கைதட்டினார்கள். நாலாவதாக எட்டைக் கூப்பிட்டார்கள். புதுச்சட்டை கொஞ்சம் தொளதொளவென்று இருந்தது. மைக்கை இடது கையில் வாங்கிக்கொண்டார்.

“பேராசிரியை அம்மா மன்னிக்கணும்” என்றார். “இதுல அங்கதம்லாம் இல்ல. இது எழுத்துப்பிழை.”

துணிக்கூரைக்குக் கீழே சலசலப்பு அடங்கிவிட்டது. பேராசிரியை கல்லைப் பார்த்தார். கல்லில் வெட்டியாகிவிட்டது, இனி ஒன்றும் செய்ய முடியாது. தையல்காரம்மா மடியில் இரண்டு கையையும் கோத்துக்கொண்டு நேராக உட்கார்ந்தார்.

“எங்க மாமாவுக்கு எழுத்துக் கூட்டத் தெரியாது. கேட்டுக் கேட்டுத்தான் எழுதுவார். அன்னைக்கு ஏணியப் பிடிச்சிட்டு இருந்தது நான். எந்த ல-ன்னு மேலேருந்து கேட்டார். நான்தான் தப்பா சொன்னேன். அதனாலதான் சாப்பாடு நின்னுச்சு. எல்லாரும் அவரைத் திட்டினாங்க. நானும்தான் திட்டினேன். அவர் சாகுற வரைக்கும் என்னைக் காட்டிக் குடுக்கல. அப்பேர்ப்பட்ட மனுஷன். அதைச் சொல்லத்தான் வந்தேன்.”

என் தொழிலில் தப்பைப் பார்த்தால் வட்டம் போட வேண்டும். இந்தத் தப்பு எனக்குத் தெரியும், கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இப்படியே விட்டுவிட்டால் எல்லோருக்கும் நல்லதாயிற்றே என்று தோன்றியது. பழைய கம்பெனி ஆள் ஒருவர் துண்டால் கண்ணைத் துடைத்தார். யாரோ கைதட்ட ஆரம்பித்தார்கள்.

தையல்காரம்மா எழுந்துவிட்டார்.

“டேய், பொய் சொல்லாத.”

கைதட்டல் பாதியில் நின்றது. எட்டு மேடையிலிருந்து கையைக் காட்டினார். “உக்காருக்கா.”

“உக்கார மாட்டேன். ஏணியப் பிடிச்சது நான். குண்டு ள-ன்னு சொன்னது நான். உன் விரல் போனதுக்கும் நான். சாகுற வரைக்கும் அதை அவர் தூக்கிட்டுத் திரிஞ்சார், நான் பாத்துட்டு இருந்தேன். இப்ப நீ தூக்கிட்டுப் போகப் பாக்கற. வேணாம்டா. எனக்குன்னு இருக்கறது அது ஒண்ணுதான். இங்க குடு.”

எட்டு மேடையை விட்டு இறங்கி, வயர் இழுபட மூன்றாவது வரிசை வரைக்கும் நடந்து வந்து, மைக்கை அக்காவிடம் நீட்டினார். அந்த அம்மா அதை வாங்கிக்கொண்டு மதில் பக்கமாகத் திரும்பி நின்று, அன்றைக்குக் காலையில் ஏணி எங்கே நின்றது என்பதிலிருந்து சொல்ல ஆரம்பித்தார்.